எனக்கு விளங்கேல்ல எண்டு சொல்லுறதில என்ன வெட்கம்?

ஓ.எல் வரைக்கும் எங்களோட ஒரே வாங்கில இருந்து படிச்ச சிநேகிதி ஒருத்தி, பிறகு குடும்பத்தோட கனடாவுக்குப் போய், அங்கே அணுப் பொறியியல் படித்து முடித்து, போன வருடம் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். (நாங்கள் இன்னும் மூன்றாம் வருடப் பரீட்சைத் திகதி எப்ப வரும் எண்டு பார்த்துக்கொண்டு நிக்கிறம் என்பது வேற கதை.) அண்மையில் ஓர் இரவு எங்கட குறூப்புக்கு அவளிடமிருந்து நான்கு நிமிட வொய்ஸ் மெசேஜ் ஒன்று வந்தது.

“இண்டைக்கு மீற்றிங்கில ஒரு கிராஃபைக் காட்டிச்சினம். எனக்கு ஒண்டுமே விளங்கேல்ல. எல்லாரும் தலையாட்டிச்சினம், நானும் ஆட்டினன். வீட்ட வந்து ரெண்டு மணி வரைக்கும் தேடித் தேடிப் பாத்தன். எனக்கு எப்பிடி இந்த வேலை கிடைச்சது எண்டே தெரியேல்லையடி. ஒரு நாளைக்கு ஆரோ வந்து, பிழையான ஆளை எடுத்திட்டம், நீர் போகலாம் எண்டு சொல்லப்போயினம் எண்ட பயத்தோடதான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறன்.”

நாங்கள் என்ன செய்தோம்? எல்லாரும் செய்யிறதைத்தான் செய்தோம். “உன்னால ஏலும்டி”, “நீ எங்கட பெருமை”, நாலைந்து இதய ஸ்டிக்கர். அவள் ஒரு தம்ப்ஸ்-அப் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

அடுத்த நாள் கன்ரீனில் இதைப் பற்றிக் கதைக்கும்போதுதான், அவளுக்கு நாங்கள் பிழையான பதிலைச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது. அவள் கேட்டது ஊக்கப் பேச்சு இல்லை. அவளுக்குத் தன்னம்பிக்கை கூடினால் அந்த கிராஃப் விளங்கிவிடாது. இன்னொரு விஷயமும் உறுத்தியது. அணு உலை மாதிரியான ஓர் இடத்தில், ஒரு பொறியியலாளருக்கு விளங்காத ஒன்றை விளங்கினது மாதிரித் தலையாட்டுறது அவளுடைய தனிப்பட்ட மனக்கஷ்டம் மட்டும்தானா?

அதற்குப் பிறகு இரண்டு மூன்று கிழமை இதைத் தேடி வாசித்தோம். கலைப்பீடத்தில் இருக்கிற நாங்கள் அணு உலை பற்றி எழுதுறதோ என்று எங்களுக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது. அவளுக்குக் கேட்கிற குரலும் இதேதான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறோம். அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் தனியானது. அதில் எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. இங்கே பேசுவது அதற்குள் வேலை செய்கிற மனிதர்களைப் பற்றி.

முதலில் அந்தச் சொல். இம்போஸ்டர் சின்ட்ரோம் என்று இப்போது எல்லாரும் சொல்லுகிற விஷயத்தை 1978இல் போலின் குளான்ஸ், சூசன் இமெஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்கள். படிப்பிலும் தொழிலிலும் நல்ல நிலைக்கு வந்த 150க்கு மேற்பட்ட பெண்களோடு வேலை செய்த அனுபவம் அது. பட்டமும் பாராட்டும் கையில் இருக்க, உள்ளுக்குள் “நான் எல்லாரையும் ஏமாத்திப்போட்டன், ஒரு நாள் பிடிபடப்போறன்” என்ற எண்ணம். வெற்றி வந்தால் அதிர்ஷ்டம், தோல்வி வந்தால் அதுதான் என்னுடைய உண்மையான முகம். ஆண்களுக்கும் இது வரும் என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. கவனிக்க வேண்டியது, அவர்கள் இருவரும் இதை சின்ட்ரோம் என்று எழுதவில்லை, ‘இம்போஸ்டர் தோற்றப்பாடு’ என்றுதான் எழுதினார்கள். இது ஒரு நோய் இல்லை. மனநோய்களைப் பட்டியலிடுகிற டி.எஸ்.எம் கையேட்டிலும் இது இல்லை. நோய்ப் பெயர் மாதிரியான பெயர் பிறகுதான் ஒட்டிக்கொண்டது.

அணுப் பொறியியலில் இந்த எண்ணம் வருவதற்குக் காரணங்கள் நிறைய உண்டு. அந்தத் துறைக்குள்ளே ஒரு ஆள் முழுவதும் கரைத்துக் குடிக்கக்கூடிய பாடம் என்று ஒன்று கிடையாது. நியூத்திரன்கள் எப்படி நடக்கும் என்பது பௌதிகம். அந்த வெப்பத்தைத் தண்ணீர் எப்படிக் கொண்டுபோகும் என்பது இன்னொரு படிப்பு. கதிர்வீச்சுக்குள் வருடக்கணக்காக நிற்கிற உருக்கு என்ன ஆகும், தண்ணீரின் இரசாயனம் குழாயை என்ன செய்யும், ஒழுங்குமுறைச் சட்டம் என்ன சொல்லுது என்று ஒவ்வொன்றும் ஓர் ஆயுள் வேலை. ஒரு கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் மற்ற ஒன்பது பேரின் வேலையில் அரைகுறைதான். ஆனால் புதிதாக வந்த ஆளுக்கு அது தெரியாது. தான் மட்டும்தான் அரைகுறை என்று நினைப்பாள். போதாததற்கு அந்தத் துறையின் சுருக்கெழுத்துகள். மூன்று எழுத்து, நான்கு எழுத்து என்று நாள் முழுக்க அதிலேயே கதைப்பார்களாம்.

அதோடு, அந்த அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. ஓ.ஈ.சி.டி.யின் அணுசக்தி முகவரகம் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி அதன் உறுப்பு நாடுகளில் இந்தத் துறையில் வேலை செய்பவர்களில் பெண்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. எங்கட சிநேகிதிக்கு அதற்கு மேலே மண்ணிறத் தோல், வேறு உச்சரிப்பு, பாதியில் போய்ச் சேர்ந்த நாடு. “நான் இங்க பொருந்தேல்ல” என்று அவளுக்குத் தோன்றினால் அதை முழுக்கக் கற்பனை என்று சொல்ல ஏலாது. ருச்சிகா துல்ஷ்யன், ஜோடி-ஆன் பியூரே ஆகிய இருவரும் 2021இல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் கேட்டது: பெண்களுக்கு இம்போஸ்டர் சின்ட்ரோம் என்று சொல்லி அவர்களைத் திருத்தப் பார்க்கிறீர்கள், அவர்களை அப்படி உணரவைக்கிற வேலைத்தளத்தை எப்போது திருத்தப்போகிறீர்கள்? எங்களுக்கு அது சரியான கேள்வியாகப் பட்டது. ஆனால் வேலைத்தளம் திருந்தும் வரைக்கும் அவள் என்ன செய்வது?

இந்த இடத்தில்தான் அணுசக்தியின் வரலாறு எங்களுக்குக் கைகொடுத்தது.

1944 செப்டெம்பர். அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் உலகின் முதலாவது பெரிய அளவிலான புளுட்டோனிய உலையை இயக்கத் தொடங்குகிறார்கள். அங்கே நிற்பவர் என்ரிக்கோ ஃபெர்மி, அந்தக் காலத்தில் இந்த விஷயத்தில் அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. உலை தொடங்கிச் சில மணித்தியாலங்களில் அதன் சக்தி தானாகக் குறையத் தொடங்கியது. கட்டுப்பாட்டுக் கோல்களை வெளியே இழுக்க இழுக்க இன்னும் குறைந்தது. கடைசியில் அணைந்தே போனது. பிறகு தானாக உயிர் வந்தது, திரும்ப அணைந்தது. அங்கே இருந்த உலகத்தின் பெரிய மூளைகளுக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. யுரேனியப் பிளவில் உருவாகிற செனன்-135 என்ற வாயு நியூத்திரன்களை விழுங்குகிறது என்று பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

அதை விடச் சுவையான விஷயம், உலையைக் காப்பாற்றியது எது என்பது. பௌதிகவியலாளர்கள் 1,500 குழாய்கள் போதும் என்று வடிவமைத்திருந்தார்கள். கட்டுமானப் பொறுப்பை எடுத்த டுபோன்ட் ஓர் இரசாயனக் கம்பனி. அணு அவர்களுக்குப் புதிசு. “எங்களுக்கு இது சரியாத் தெரியாது, அதால கொஞ்சம் கூட வைப்பம்” என்பது மாதிரியான யோசனையில் அவர்கள் குழாய்களை 2,004 ஆக்கினார்கள். அது வீண் செலவு என்று பௌதிகவியலாளர் தரப்பில் சிலருக்கு எரிச்சல். கடைசியில் அந்த மேலதிகக் குழாய்களிலும் யுரேனியத்தை நிரப்பித்தான் செனனை மீறி உலையை ஓட்ட முடிந்தது. அந்த உலையில் உருவான புளுட்டோனியம் நாகசாகியில் போய் விழுந்தது என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் ‘துறைக்கு வெளியாட்கள்’ தங்களுக்குத் தெரியாது என்பதைத் தெரிந்துவைத்திருந்ததுதான் அந்தப் பொறியைக் காத்தது என்பதும் உண்மை.

இரண்டாவது கதை இதற்கு நேர்மாறு. 1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி, பென்சில்வேனியாவில் மூன்று மைல் தீவு அணுமின் நிலையம். ஒரு சிறிய கோளாறில் உலை நிறுத்தப்பட்டது. அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த வால்வு ஒன்று திரும்ப மூடாமல் திறந்தபடியே சிக்கிவிட்டது. அதன் வழியே உலையைக் குளிர்விக்கிற தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கு ஒரு விளக்கு இருந்தது. அது அணைந்திருந்ததைப் பார்த்த இயக்குநர்கள் வால்வு மூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த விளக்கு காட்டியது ‘மூடு’ என்று கட்டளை போனதை மட்டும். வால்வு உண்மையில் மூடியதா என்பது அதற்குத் தெரியாது. இன்னொரு மானி தண்ணீர் கூடிவிட்டது மாதிரிக் காட்டியது. ஆகவே அவர்கள் அவசரத் தண்ணீரையும் குறைத்தார்கள். பயிற்சியில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கழித்து, அடுத்த ஷிப்டுக்குப் புதிதாக உள்ளே வந்தவர்களில் ஒருவர் அந்த வால்வைச் சந்தேகப்பட்டு, அதற்கு முன்னால் இருந்த அடைப்பு வால்வை மூடச் சொன்னார். அதற்குள் உலையின் மையத்தில் பெரும் சேதம் நடந்துவிட்டது. கடைசியில் ஏறத்தாழ பாதி உருகிப்போனது.

இதில் எங்களை அதிகம் யோசிக்கவைத்தது இன்னொரு விவரம். இதே மாதிரி ஒரு வால்வு 1977 செப்டெம்பரில் ஒஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸே நிலையத்திலும் திறந்தபடி சிக்கியது. அங்கே அந்த நேரம் உலை குறைந்த சக்தியில் ஓடியதாலும், இயக்குநர்கள் கிட்டத்தட்ட இருபது நிமிடத்தில் கண்டுபிடித்ததாலும் தப்பியது. அந்த உலைகளைத் தயாரித்த கம்பனிக்குள்ளேயே ஒரு பொறியியலாளர், இயக்குநர்கள் அவசரத் தண்ணீரை முந்தி நிறுத்திவிடாமல் அவர்களுக்கு அறிவுறுத்த வேண்டும் என்று 1978இல் எழுத்தில் எச்சரித்தார். அந்தக் கடிதம் மேசைக்கு மேசை போனது. மூன்று மைல் தீவில் அந்த ஷிப்டில் நின்றவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை.

ஆகவே கேள்வி கேட்கிற ஆள் மட்டும் போதாது, கேட்கிற காதும் வேணும். மூன்று மைல் தீவுக்குப் பிறகு அந்தத் தொழில் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது இதைத்தான். ஒவ்வொரு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையையும் போல அச்சொட்டாகச் சிமுலேட்டர்கள் கட்டினார்கள். இருபது வருட அனுபவம் உள்ள இயக்குநரும் சில கிழமைக்கு ஒருக்கா அதற்குள் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் ஒரு கட்டளை சொன்னால் மற்றவர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும், முதல் ஆள் “சரி” என்று உறுதிப்படுத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் கை ஆளியில் படலாம். முக்கியமான வேலைகளில் பக்கத்தில் இன்னொருவர் நின்று சரிபார்ப்பார். செர்னோபிலுக்குப் பிறகு, 1991இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் பாதுகாப்பு ஆலோசனைக் குழு வெளியிட்ட அறிக்கை, பாதுகாப்புக் கலாசாரத்துக்கு ஒவ்வொரு ஊழியரிடமும் இருக்க வேண்டிய முதல் குணமாகச் சொன்னது ‘கேள்வி கேட்கும் மனப்பாங்கை’.

யோசித்துப் பாருங்கோ. “எனக்கு முழுசாத் தெரியாது, நான் பிழை விடக்கூடும், ஆரும் ஒருக்காப் பாருங்கோ” என்று நினைக்கிற ஆளைத்தான் அந்தத் துறை தேடுகிறது. அதற்காகவே விதிமுறை எழுதி வைத்திருக்கிறது. எங்கட சிநேகிதி தன்னுடைய குறை என்று நினைத்து ஒளித்துவைப்பது பாதி அந்தத் தொழிலின் அடிப்படைத் தகைமை.

பாதி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சந்தேகத்தில் இரண்டு வகை. “இந்த வால்வு உண்மையா மூடியிருக்கா?” என்பது ஒரு வகை. “இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு என்ன தகுதி?” என்பது இரண்டாவது. இம்போஸ்டர் எண்ணம் செய்கிற கெடுதல் என்னவென்றால், இரண்டாவது சந்தேகம் முதலாவதை விழுங்கிவிடுகிறது, அந்தச் செனன் நியூத்திரனை விழுங்கியது மாதிரி. கேள்வி வாய் வரைக்கும் வந்து, ‘கேட்டால் பிடிபட்டுவிடுவேன்’ என்று திரும்பி உள்ளே போய்விடும். வேறு வேலைகளில் இதன் விலை அந்த ஆளின் நித்திரை. அணு உலையில் விலை அதைவிடக் கூட.

அப்படியென்றால் தன்னம்பிக்கை எங்கேயிருந்து வரும்? 1952 டிசெம்பரில் கனடாவின் சோக் ரிவர் ஆராய்ச்சி உலையில் விபத்து நடந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய அமெரிக்கக் கடற்படையிலிருந்து வந்தவர்களில் 28 வயது லெப்டினன்ட் ஒருவர் இருந்தார். பெயர் ஜிம்மி கார்ட்டர், பிறகு அமெரிக்க ஜனாதிபதியானவர். கதிர்வீச்சு காரணமாக ஒரு ஆள் உள்ளே ஏறத்தாழ ஒன்றரை நிமிடம்தான் நிற்கலாம். ஆகவே பக்கத்தில் இருந்த ரெனிஸ் மைதானத்தில் உலையின் மாதிரி ஒன்றைச் செய்து வைத்து, மூன்று மூன்று பேராக, எந்த ஆணியை யார் எந்த நொடியில் கழற்றுவது என்று திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தார்கள். உள்ளே ஓர் ஆணி கழன்றால் வெளியே மாதிரியிலும் அதே ஆணியைக் கழற்றினார்கள். பயம் போன பிறகு அவர்கள் உள்ளே போகவில்லை. பயத்தோடு ஒத்திகை பார்த்தார்கள், ஒத்திகையை நம்பிப் போனார்கள். “உன்னை நம்பு” என்று நாங்கள் அனுப்பிய ஸ்டிக்கரை விட இது எவ்வளவோ பிரயோசனமான புத்தி.

இதை வைத்து இந்த மாதிரி இடத்தில் இருக்கிற ஆட்களுக்கு எங்களால் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கேள்வியை உன்னைப் பற்றிக் கேட்காமல் பொருளைப் பற்றிக் கேள். “எனக்கு ஏன் இது விளங்கேல்ல?” என்பதற்குப் பதிலாக “இந்தக் கோடு இந்த இடத்தில ஏன் வளையுது?” கேட்க வெட்கமாக இருந்தால், “நான் விளங்கிக்கொண்டது இதுதான், சரியோ?” என்று திரும்பச் சொல்லிப் பார். கட்டுப்பாட்டு அறையில் முப்பது வருட அனுபவக்காரரும் அதைத்தானே செய்கிறார். புதிதாக வந்த முதல் வருடத்தில் கேட்காததை ஐந்தாவது வருடத்தில் கேட்பது இன்னும் கஷ்டம், ஆகவே இப்பவே கேள். உண்மையிலேயே தெரியாத பகுதி இருந்தால் அதை மனநிலை என்று சொல்லிச் சமாளிக்கவும் வேண்டாம், அது படிக்க வேண்டிய பாடம், இருந்து படிக்கலாம். மேலே இருக்கிற அண்ணாமார் அக்காமார் கூட்டத்தில் முதல் ஆளாக “எனக்கும் இது தெளிவில்லை” என்று சொன்னால், கீழே பத்துப் பேரின் வாய் திறக்கும். அது அவர்களின் கடமை என்றே நாங்கள் நினைக்கிறோம்.

இங்கே எங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் தலையாட்டப் பழகினது கனடாவில் இல்லை. எங்களோட ஒரே வகுப்பில்தான். “விளங்குதா பிள்ளையள்?” “ஓம் சேர்.” நாற்பது பேரும் ஒரே குரலில். விளங்கவில்லை என்று எழும்பி நிற்கிற ஆளை ரியூசனில் பார்த்துச் சிரித்தது நாங்கள்தான். கேள்வி கேட்கிறவளை “ஷோ காட்டுறாள்” என்று சொன்னதும் நாங்கள்தான். இண்டைக்கும் விரிவுரை முடிவில் “எனி குவெஸ்டியன்ஸ்?” என்று கேட்டால் எல்லாரும் பையைத் தூக்குகிறோம். அந்த “ஓம் சேர்” ஒரு பாடத்தில் புள்ளியைக் குறைப்பதோடு நிற்கும் என்று நினைத்திருந்தோம். அது ஆளோடு சேர்ந்து கடல் கடந்து போய் ஒரு மீற்றிங் அறையில் இருந்து தலையாட்டும் என்று நினைக்கவில்லை.

இதையெல்லாம் சுருக்கி அவளுக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினோம். அந்த வால்வுக் கதை அவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும், முதலாம் வருடத்திலேயே படிப்பித்திருக்கிறார்கள். “அதை என்னோட சேத்து நான் ஒரு நாளும் யோசிக்கேல்லையடி” என்றாள்.

இரண்டு கிழமை கழித்துத் திரும்ப ஒரு மெசேஜ், இந்த முறை நாற்பது செக்கன்தான். அடுத்த மீற்றிங்கில் அதே மாதிரி ஒரு கிராஃப் வந்ததாம். கை நடுங்க நடுங்க, அந்தக் கோடு ஏன் அந்த இடத்தில் இறங்குது என்று கேட்டாளாம். காட்டினவர் பத்து நிமிடம் எடுத்து விளங்கப்படுத்தினாராம்.

“பக்கத்தில இருந்த மூண்டு பேரும் கொப்பியைத் திறந்து குறிப்பெடுத்தவையடி. அதில ஒராள் அங்க பன்ரெண்டு வருசமா வேலை செய்யிறவர்.”